மேல்வலிக்கு வாங்கும் செட்டு மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அழற்சியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத வேண்டிய விஷயம்தான், எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் எதைச் சாப்பிட்டால் அழற்சி குறையும் என்ற பட்டியலாகவே போய்விட்டது. அழற்சி என்பது உடம்பு தானாகச் செய்கிற ஒரு வேலை, அதை எப்போது அதன் போக்கில் விட வேண்டும், எப்போது விடக்கூடாது, வலிக்கிறதே என்று என்ன ஏது என்று கேட்காமல் மாத்திரை போட்டு அதை அமுக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆபத்து இருப்பதே அந்த இரண்டு வரியில்தான், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் கம்பத்துக்காரி. மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று சுற்றுவட்டத்திலிருந்து எங்களிடம் வந்தவர்களில் நிறையப் பேர் மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள். விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து இறங்குகிறவர்கள். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது, தூரில் இருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டித்தான் காய்க்கும். அதனால் காய் எடுக்கிற பெண் நாள் முழுக்கக் குத்தவைத்தோ குனிந்தோதான் இருக்க வேண்டும், அதுவும் மழையிலும் ஈரத்திலும். "மேலுக்கு முடியலைக்கா" என்றுதான் ரத்தம் கொடுக்கும்போது பேச்சை ஆரம்பிப்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியாது. "செட்டு மாத்திரைக்கா, ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி மாத்திரை" என்பார்கள். அந்தக் குட்டி மாத்திரையைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

முதலில் அழற்சி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதை ஒரு நோயாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். களை எடுக்கும்போது விரலில் ஒரு முள் ஏறுகிறது என்று வையுங்கள். முள்ளோடு கிருமியும் உள்ளே போகிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் சில செல்கள், மாஸ்ட் செல், மேக்ரோபேஜ் என்று பெயர், உடனே ஹிஸ்டமின் மாதிரியான பொருள்களை வெளியே விடுகின்றன. பக்கத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து அங்கே ரத்தம் கூடுதலாக வருகிறது, அதனால் சிவக்கிறது, சுடுகிறது. குழாயின் சுவரில் சிறு இடைவெளிகள் விழுந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, அதுதான் வீக்கம். புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் என்ற பொருள்கள் நரம்பு நுனிகளைக் கூச வைக்கின்றன, அதனால் லேசாகப் பட்டாலும் வலிக்கிறது. வலிக்கிறது என்பதால் நாமும் அந்த விரலுக்கு வேலை கொடுக்காமல் வைத்துக்கொள்கிறோம், அதுவும் ஆறுவதற்கு உதவிதான். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கு அடையாளத்தையும் செல்சஸ் என்ற ரோமானியர் ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன்னாலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த உறுப்பால் வேலை செய்ய முடியாமல் போவது என்ற ஐந்தாவது அடையாளம் பின்னால் சேர்ந்தது.

சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருந்து நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரைத் தாண்டி அந்த இடத்துக்கு வந்து கிருமியை விழுங்கிக் கொல்கின்றன, பெரும்பாலும் தாங்களும் அங்கேயே செத்துப்போகின்றன. நாம் சீழ் என்று பிதுக்கி எடுப்பது முக்கால்வாசி அவைதான். செல்கள் இப்படிக் கிருமியை விழுங்கி உடம்பைக் காக்கின்றன என்று கண்டு சொன்னவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரத்தில் இருந்தபோது, கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவைத்துவிட்டு மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டு நின்றன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மைக்ராஸ்கோப்பை வைத்துப் பிழைத்தவள் நான், அதனால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிருமி ஒழிந்ததும் என்ன ஆகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. அழற்சி தானாகத் தேய்ந்து அடங்கிவிடுவதில்லை, அதை அடக்குவதற்கென்று உடம்பு தனியாக ஒரு வேலை செய்கிறது. லிப்பாக்சின், ரிசால்வின் என்ற பொருள்கள் உண்டாகி, இனிமேல் புதிதாக வெள்ளை அணு வர வேண்டாம் என்று தடுக்கின்றன, மேக்ரோபேஜ்கள் செத்த அணுக்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன, அப்புறம்தான் புதுத் திசு வளர்கிறது. இந்த ரிசால்வின் உண்டாவது ஒமேகா 3 கொழுப்பில் இருந்து. மலை மேலே இருந்து வரும் மீன் வண்டியில் விலை மலிவாகக் கிடைக்கிற மத்தி மீனில் அது தாராளமாக இருக்கிறது. அவகாடோவுக்குப் பதிலாக உங்கள் கட்டுரையில் மத்தியைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் நாலு பேர் வாங்கியிருப்பார்கள்.

சரி, இந்த அடக்கும் வேலை நடக்காமல் போனால்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வயலுக்கு வேண்டும், அது இல்லாமல் இங்கே இரண்டு போகம் இல்லை, ஆனால் வயல் நிறைந்த பிறகும் மதகை மூடாமல் விட்டால் அதே தண்ணீர் நாற்றை அழுக வைத்துவிடும். நாள்பட்ட அழற்சி அப்படித்தான். கிருமியைக் கொல்ல வந்த பொருள்களே மூட்டுக் குருத்தெலும்பை, ரத்தக் குழாய் சுவரை, சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. சில சமயம் தன் உடம்பையே வேற்றாள் என்று எண்ணி வெள்ளை அணுக்கள் தாக்குகின்றன, முடக்குவாதம் அந்த வகை. சில சமயம் காரணம் விலகவே விலகாது: புகையிலை, அடுப்புப் புகை, ஈறில் வருடக்கணக்கில் இருக்கும் சீழ், தொப்பைக் கொழுப்பு.

தொப்பைக் கொழுப்பு என்றதும் நிறையப் பேருக்கு ஆச்சரியம் வரும். கொழுப்பு என்பது சும்மா சேர்த்துவைத்த நெய்க் கட்டி இல்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற பொருள் பருத்த எலிகளின் கொழுப்பில் இருந்து வருகிறது, அதுதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை நோய் ஏன் தொப்பையோடு சேர்ந்தே வருகிறது என்பதற்கு ஒரு பெரிய காரணம் அது. நம் ஊர் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள், ஆள் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தாலும் இது பொருந்தும். ஈறு நோயும் அப்படித்தான், ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். குளிருக்கும் பசிக்கும் தாங்க வேண்டும் என்று வெற்றிலையோடு புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு மலையில் வேலை பார்க்கிற பெண்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா?

மாரடைப்பும் இதில் சேர்த்திதான். கொழுப்பு குழாயில் அடைத்துக்கொள்வது மட்டுமே மாரடைப்பு என்று நாம் படித்தோம். அடைப்பு உண்டாவதிலும், அது வெடித்து ரத்தம் உறைவதிலும் அழற்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, ரத்தத்தில் அழற்சி அளவு கூடியிருந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஓர் ஊசியைப் போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஊசி போட்டவர்களில் கிருமித் தொற்றால் செத்தவர்கள் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். அழற்சி எவ்வளவு வேண்டிய பொருள் என்பதற்கும் எவ்வளவு கெடுதல் செய்யக்கூடியது என்பதற்கும் சாட்சி அந்த ஒரே ஆய்வில் இருக்கிறது.

உள்ளே அழற்சி நடக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்யும் பரிசோதனை முக்கியமாக இரண்டு. ஒன்று ஈஎஸ்ஆர், ரத்தத்தை நீளமான குழாயில் நிறுத்திவைத்து ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. இன்னொன்று சிஆர்பி, அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம், 1930-இல் நிமோனியாக்காரர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. ஈஎஸ்ஆர் கூடியிருக்கிறது என்று சீட்டைப் பார்த்ததும் சிலர் அழுதே விடுவார்கள். பயப்பட வேண்டாம், ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும், எங்கள் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். இரண்டு பரிசோதனையும் அழற்சி இருக்கிறது என்று சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. அதை மருத்துவர்தான் தொட்டுப் பார்த்துக் கேட்டுச் சொல்ல வேண்டும். வலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் அந்தத் தொட்டுப் பார்க்கிற வேலை நடப்பதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

ஜீப்பில் இருந்து இறங்கும் நேரத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிப் பிரிவு மூடிக் கிடக்கும். திறந்திருப்பது மருந்துக்கடையும், ஊசி போடுகிற சில இடங்களும்தான். மூட்டு வலி என்று சொன்னால் போதும், அட்டையைக் கத்தரித்தோ டப்பாவில் இருந்து கொட்டியோ பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் கிடையாது, பில் கிடையாது. இரண்டு நாளைக்கு ஒரு செட்டு, முடிந்ததும் இன்னொரு செட்டு. எல்லாக் கடையும் அப்படி இல்லை, சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களை இந்த நேரத்தில் கும்பிடுகிறேன்.

அந்தச் செட்டில் ஒன்று வலி மாத்திரை, டைக்ளோஃபினாக் மாதிரி. இந்த வகை மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று 1971-இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார், ஆஸ்பிரினை வைத்து. நான் மேலே சொன்ன புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதை இது நிறுத்துகிறது, அதனால் வலியும் வீக்கமும் குறைகிறது. 1982-இல் வேனுக்கும் வேறு இருவருக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரை அமிலத்தில் இருந்து காப்பாற்றுகிறது, உடம்பில் தண்ணீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைத் திறந்துவைத்திருப்பதும் அதுதான். மாத்திரை மூட்டில் மட்டும் போய் நிற்பதில்லை, எல்லா இடத்திலும் அதை நிறுத்திவிடுகிறது.

இப்போது தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பல இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் நேரத்தில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. தண்ணீர் குடிக்காத உடம்பு, வேர்த்துக் கொட்டுகிற வேலை, அதற்கு மேல் வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அதிலும் நீர் பிரிய வைக்கிற மாத்திரை இருந்தால், ஆபத்து இன்னும் ஏறும். எங்கள் தெருவிலேயே ஓர் அக்கா, வருடக்கணக்கில் செட்டு மாத்திரையிலேயே மலைக்குப் போய்வந்தவர், காலில் நீர் கோத்திருக்கிறது என்று வந்தபோது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தோம். இன்று அவர் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது, அதனால் கடைசியில்தான் தெரியவருகிறது.

டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. மாட்டுக்கு வலி மருந்தாக இதைப் போட்டார்கள், செத்த மாட்டைத் தின்ற கழுகுகள், பாறு என்போமே, அவை சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தாகச் செத்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 100-க்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2006-இல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் மிஞ்சிய பாறுகள் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில்தான் முக்கியமாக இருக்கின்றன. மனிதருக்கும் பாறுக்கும் வித்தியாசம் உண்டு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு, தண்ணீர் குடித்துச் சாப்பிட்டால் நமக்கு இது நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தினமும் என்பதுதான் கூடாது.

அடுத்து அந்தக் குட்டி மாத்திரை. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோனோ பிரட்னிசோலோனோ. முடக்குவாதத்துக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்தவர் ஃபிலிப் ஹென்ச், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், 1948 செப்டம்பரில். படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கொடுத்துவிட்டார்கள். பக்க விளைவுகளின் முழுக் கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. முகம் வட்டமாக உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும், தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காசநோய் விழித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் முகம் உப்பியதைப் பார்த்து "மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு தேறிருச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள், கேட்கவே பதறுகிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் புரிந்துகொள்ளக்கூடாது. 2020-இல் கொரோனாவுக்கு டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தபோது, செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்து எந்தப் பலனும் தரவில்லை. யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு இழுக்கிற மருந்தில் இருக்கும் ஸ்டீராய்டு மிகச் சிறிய அளவு, மூச்சுக்குழாயில் இருக்கும் அழற்சியை அங்கேயே குறைக்கிறது, அதைப் பயந்து நிறுத்தக்கூடாது. அதேபோல இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, பல வாரமாகச் செட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாளைக்கே மொத்தமாக நிறுத்திவிடவும் கூடாது. வெளியில் இருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் சுரப்பை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையையும் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் மிச்சம் இருக்கும் மாத்திரையை எடுத்துப் போய்க் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

இதில் எனக்கு இன்னும் வேதனையாக இருப்பது, செட்டு மாத்திரை முடக்குவாதத்தை மறைத்துவிடுகிறது என்பது. முட்டு தேய்ந்து வரும் வலி ஒன்று, அது வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் வேறு. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, அரை மணி, ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் பிடி விடும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. இது ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது, தேனி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி நோயின் வேரையே அடக்குகிற மருந்து ஆரம்பத்திலேயே தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். அந்த மருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே, தினமும் சாப்பிட்டால் உயிர் போகும். கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டிய நோயை, வலி மட்டும் தெரியாமல் அமுக்கிவைத்து, விரல் கோணிய பிறகு அனுப்பினால் அங்கே இருக்கும் மருத்துவர்தான் என்ன செய்வார்? காய் எடுக்கிற பெண்ணுக்கு விரல்தானே சம்பளம்.

நாட்டு மருந்து பற்றியும் கேட்பார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் அழற்சியைக் குறைக்கிறது என்பது சோதனைக் குழாயில் நன்றாகத் தெரிகிறது, ஆனால் உடம்பு அதை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. மிளகில் இருக்கும் பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சளும் மிளகும் ரசத்தில் இருக்கட்டும், அதிலே முடக்குவாதம் தீராது. அதிக அளவு குர்குமின் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள். கண்வலிக்கிழங்கு விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் அது, ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். அதில் இருக்கும் கால்சிசின் கவுட் என்கிற வாதத்துக்கு, அதாவது யூரிக் அமிலம் படிந்து கால் கட்டைவிரல் வீங்கும் நோய்க்கு, நல்ல மருந்து, இப்போது மிகச் சிறிய அளவில் இதய நோய்க்கும் கொடுக்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள தூரம் அதில் ரொம்பக் குறைவு. கிழங்கை வீட்டில் அரைத்து உள்ளுக்குச் சாப்பிட்டவர்கள் செத்திருக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதில் இன்னொரு சிக்கல். ஒரே பெண் கட்டப்பனையில் ஒரு மருத்துவரைப் பார்க்கிறார், கம்பத்தில் இன்னொருவரைப் பார்க்கிறார். அங்கே போட்ட ஊசி இங்கே தெரியாது, இங்கே வாங்கிய செட்டு அங்கே தெரியாது. இரண்டு இடத்திலும் நல்ல மருத்துவராகவே இருந்தாலும், இரண்டு பேரும் ஒரே வகை வலி மாத்திரையை எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், எந்த ஊர் மருத்துவர் என்றாலும் அதிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. கூடலூர், கம்பம், போடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் ஆவணியில் இருந்து தை வரையிலாவது, ஜீப் திரும்பும் நேரத்தில் இரவு 8 மணி வரை ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், ஆனால் செவிலியர் வீடு தேடி வரும் நேரத்தில் எங்கள் பெண்கள் மலையில் இருக்கிறார்கள், அதை ஞாயிற்றுக்கிழமையிலும் நடத்தினால் அவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க முடியும், கூடவே ஒரு கிரியேட்டினினும் பார்த்துவிடலாம். ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இருப்பவை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த விதியை எங்கள் பக்கம் நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும், அட்டையோடும் பில்லோடும் அல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது. தோட்டத்தில் குடிநீரும் கழிப்பறையும் மருத்துவ வசதியும் இருக்க வேண்டும் என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள், தினக்கூலிக்கு எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு அது கிடைக்கிறதா என்று இரண்டு மாநிலத்துத் தொழிலாளர் துறையும் சேர்ந்து போய்ப் பார்க்கட்டும்.

உங்கள் தேனி நிருபரை ஒரு நாள் மாலை கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு அனுப்பிவையுங்கள். இறங்குகிற பெண்களிடம் சுருக்குப்பையில் என்ன மாத்திரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மாத்திரையைப் படம் எடுத்து, அது என்ன என்று ஒரு மருத்துவரிடம் கேட்டு, உங்கள் மருத்துவப் பக்கத்தில் தமிழில் போடுங்கள். நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர்,
கம்பம், தேனி மாவட்டம்.